கீமோ வேண்டுமா, வேண்டாமா? ஒரு கேள்வியின் 123 வருடக் கதை

"ஆபரேஷன் முடிஞ்சாச்சு, கட்டியை எடுத்தாச்சு. அப்புறம் எதுக்குடா கீமோ?" அக்கா கேட்டாள். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், அக்குளில் பரவவில்லை. ஹார்மோன் மாத்திரை கட்டாயம் உண்டு என்றார் டாக்டர். கீமோ பற்றி மட்டும் "பேசி முடிவு பண்ணலாம்" என்றார். இதெல்லாம் பேசி முடிவு பண்ற விஷயமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வழக்கம்போல உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அப்படிச் சொல்லும் நிலைக்கு வருவதற்கே மருத்துவத்துக்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

கதை 1895இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தொடங்குகிறது. ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவரிடம் 33 வயதுப் பெண் ஒருவர் வந்தார். மார்பில் ஆபரேஷன் செய்தும் புற்று திரும்பியிருந்தது. பீட்சன் அவருடைய சினைப்பைகளை அகற்றினார். மார்பில் நோய் என்றால் வயிற்றில் எதற்கு ஆபரேஷன்? பீட்சன் முன்பு பால் சுரப்பு பற்றி ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாது என்ற பண்ணைக்காரர்களின் அனுபவம் அவருக்குத் தெரியும். ஆகவே இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஈஸ்ட்ரோஜன் அன்று கண்டுபிடிக்கப்படவே இல்லை. எட்டு மாதங்களில் கட்டிகள் மறைந்தன. மறு வருடம் லான்செட் இதழில் எழுதினார். மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் பலன் கிடைத்தது. யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டியே சொல்ல முடியவில்லை.

அதற்கு விடை 1950களின் இறுதியில்தான் வரத் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை விலங்குகளுக்குச் செலுத்தி, அது எங்கே தங்குகிறது என்று பார்த்தார். கருப்பை போன்ற சில உறுப்புகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. அங்கே அதற்கென்றே ஏற்பி இருந்தது. அந்த ஏற்பி உள்ள புற்றுதான் ஹார்மோனை நிறுத்தினால் சுருங்கும் என்பது பின்னால் உறுதியானது. அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த 'பாசிட்டிவ்' இதுதான்.

மருந்து வேறு வழியில் வந்தது. 1962இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் ஒரு மூலக்கூறைத் தயாரித்தார். தேடியது கருத்தடை மருந்து. எலிகளில் வேலை செய்தது. பெண்களிடமோ கருமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது! ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அது அடைத்தது. 1971இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை புற்றுநோயில் அதன் பலனை வெளியிட்டது. அதுதான் டாமாக்சிஃபென்.

1976இல் மிலானில் போனடோன்னா, ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டினார். இப்போது கையில் இரண்டு ஆயுதங்கள். யாருக்கு எது என்று தெரியாததால், பெரும்பாலோருக்கு இரண்டும். 2000இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவும், ஏற்பி எப்படி இருந்தாலும் பெரும்பாலான பெண்களுக்குக் கீமோவைப் பரிந்துரைத்தது. எங்கள் தொழிலில் பழைய புரோகிராமைத் தொடப் பயப்படுவோம். எந்த வரி தேவையில்லை என்று தெரியாது, அதனால் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். ஆனால் இங்கே அந்தத் தேவையில்லாத வரி ஒரு பெண்ணின் முடியும் வாந்தியும் நரம்பு மரத்துப்போவதும்.

1980களில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக் குழு, அக்குளில் பரவாத, ஏற்பி பாசிட்டிவ் பெண்களிடம் டாமாக்சிஃபெனைச் சோதித்தது. அவர்களின் கட்டித் துணுக்குகள் மெழுகில் பதித்துப் பாதுகாக்கப்பட்டிருந்தன. அந்த மாத்திரை எடுத்த 668 பேரின் துணுக்குகளில் 21 மரபணுக்களை அளந்து, 2004இல் ஒரு மதிப்பெண் முறை வெளிவந்தது. மதிப்பெண் குறைவாக இருந்தவர்களில், கீமோ இல்லாமலேயே, பத்து வருடத்தில் மற்ற உறுப்புகளுக்குப் பரவியது 7 சதவீதத்துக்கும் குறைவு.

நடுவில் இருப்பவர்கள்? அதற்காகத்தான் டெய்லர்-எக்ஸ் ஆய்வு. மதிப்பெண் 11 முதல் 25 வரை உள்ள 6,711 பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும், மறு பிரிவுக்கு மாத்திரையோடு கீமோ. 2018இல் முடிவு வந்தது. ஒன்பது வருடத்தில் தூர உறுப்புகளுக்குப் பரவாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 94.5 சதவீதம், இரண்டாவதில் 95.0. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 50 வயது வரையிலான பெண்களில், மதிப்பெண் 16 முதல் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. கீமோ இளம் பெண்களின் சினைப்பைகளை முடக்கிவிடும். பலனில் ஒரு பகுதியாவது அதனால் வந்ததாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் ஊகம். அப்படியானால் பீட்சன் 1895இல் கத்தியால் செய்ததைத்தான் நாம் கீமோவால் செய்துகொண்டிருந்தோமா? இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

இந்தப் பரிசோதனையின் விலை எல்லா வீடுகளுக்கும் கட்டுப்படியாகாது. செய்ய முடியாதவர்களுக்கு வயது, கட்டியின் அளவு, அதன் தரநிலை, கி-67 எல்லாவற்றையும் வைத்து டாக்டர்கள் முடிவு சொல்கிறார்கள். எங்களால் முடிந்தது. அக்காவுக்கு 57 வயது, மதிப்பெண் 17.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்தேன். மதிப்பெண்ணைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "குலுக்கல்ல கீமோ வேணாம்னு வந்தவங்க பயந்திருப்பாங்க, இல்லடா?" என்றாள். பயந்துதான் இருப்பார்கள் என்றேன். மறுநாள் டாக்டரிடம் "மாத்திரை மட்டும் போதும் சார்" என்று அவளேதான் சொன்னாள்.