எட்டுக்கால் பூச்சியும் கந்தான் குகையும்



சில வாரங்களுக்கு முன்பு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பூச்சிகளுக்கு ஆறு கால்கள் என்று வெண்பலகையில் எழுதி முடித்ததும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். “ஐயா, பூச்சிக்கு ஆறு கால்தான் என்றால் எட்டுக்கால் பூச்சி மட்டும் எப்படிப் பூச்சி ஆகும்?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்தச் சொல்லை வாய் கூசாமல் சொல்லி வந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லையே என்ற வெட்கம்தான் வந்தது.

அவள் கேட்டது சரியான கேள்வி. சிலந்தி பூச்சி இனத்தைச் சேர்ந்தது அன்று. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக இருக்கும். சிலந்திக்கு இரண்டே பகுதிகள். பூச்சிக்கு உணர்கொம்பு உண்டு, சிலந்திக்கு இல்லை. சிலந்திக்கு இறக்கையும் கிடையாது. தேளும் உண்ணியும்தான் அதன் உறவினர்கள். நம் முன்னோர் கால்களைச் சரியாக எண்ணிவிட்டார்கள். உறவுமுறையில்தான் சற்றுத் தவறிவிட்டார்கள்.

மாணவிக்கு முறையாக விடை சொல்ல வேண்டும் என்பதற்காகச் சில நூல்களைப் புரட்டினேன். அப்போதுதான், உலகச் சிலந்தி ஆய்வின் வரலாற்றில் நம் பேராக் மாநிலத்திற்கும் ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தேன். ஈப்போவிலேயே வாழ்ந்தும் இதனை அறியாதிருந்தேன். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தீப்பெட்டிக்குள் ஒரு மல்லன்

நான் பிறந்து வளர்ந்தது கிந்தா மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளி விடுமுறை நாள்களில் லயத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு வேலை ஒன்றுதான். வேலியோரச் செடிகளில் இரண்டு இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றனவா என்று தேடுவோம். ஒட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று பொருள். மெல்லப் பிரித்தால் கறுத்த உடலில் நீலமும் பச்சையுமாக மின்னும் சிறு சிலந்தி ஒன்று வெளியே குதிக்கும். அதனைப் பிடித்துக் காலித் தீப்பெட்டிக்குள் ஓர் இலைத்துண்டுடன் போட்டு வைப்போம்.

மாலையில் சண்டை நடக்கும். ஆண் சிலந்திகள் இரண்டை எதிரெதிரே விட்டால் முன்னங்கால்களை விரித்து உயர்த்திக்கொண்டு ஒன்றை ஒன்று முறைக்கும். பிறகு முட்டித் தள்ளும். பெரும்பாலும் உயிர்ச்சேதம் இராது. தோற்றது திரும்பி ஓடிவிடும். பந்தயப் பொருள் ரப்பர் கொட்டைகள். எந்தச் சிலந்தி ஆண், எது பெண், எந்தச் செடியில் வலியது கிடைக்கும் என்பதெல்லாம் பத்து வயதுப் பையன்களுக்கு அத்துப்படி.

படங்களைப் பார்த்த பிறகே அது ‘தியானியா’ எனும் குதிக்கும் சிலந்தி என்று தெரிந்துகொண்டேன். நியூசிலாந்து ஆய்வாளர் இராபர்ட் ஜாக்சன், மலேசியாவில் வாழும் இந்தச் சிலந்தி தன் பட்டை எப்படிப் பயன்படுத்துகிறது, எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்து 1986 ஆம் ஆண்டு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். இலைகளைப் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும் அதன் வழக்கம் தோட்டத்துப் பையன்களாகிய எங்களுக்கு நன்கு தெரிந்ததுதான். ஆனால் எங்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

பினாங்கில் தொடங்கிய வரலாறு

நம் நாட்டுச் சிலந்திகளுள் அறிவியல் உலகம் பெரிதும் வியந்து பார்ப்பது வலை பின்னும் சிலந்தியை அன்று. மண்ணில் குழி தோண்டிக் கதவு வைத்து வாழும் ‘லிபிஸ்தியஸ்’ எனும் சிலந்தியைத்தான். 1849 ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு அறிஞர் ஷியோட்டே, பினாங்கிலிருந்து கிடைத்த ஒரு சிலந்தியை விவரித்து இப்பெயரைச் சூட்டினார்.

அதில் அப்படி என்ன வியப்பு? மற்றச் சிலந்திகளின் வயிறு பொதுவாக வழவழப்பான பை போன்று இருக்கும். இதன் வயிற்றின் மேற்புறத்திலோ தேளுக்கு இருப்பதைப் போன்று வரிசையாகத் தகடுகள் இருக்கின்றன. மற்றச் சிலந்திகளுக்கு நூல் நூற்கும் உறுப்பு வயிற்றின் கடைசியில் இருக்கும். இதற்கு வயிற்றின் அடியில் நடுப்பகுதியில் இருக்கிறது. இவை மிகப் பழங்காலத்துச் சிலந்திகளின் அடையாளங்கள். பிரான்சு நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழைமையான சிலந்திப் புதைபடிவம் ஒன்றை அறிஞர் பால் செல்டன் 1996 இல் விவரித்தார். அதுவும் இந்தக் கிளையைச் சேர்ந்ததே. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே இருந்த ஒரு குலத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் மலைச்சரிவுகளிலும் குகைகளிலும் உயிருடன் இருக்கின்றன என்பது சிறிய செய்தியா?

இதன் வேட்டை முறையும் அழகானது. குழியின் வாயில் பட்டும் மண்ணும் கலந்து ஒரு கதவு. கதவோரத்திலிருந்து ஆறு முதல் எட்டு வரை பட்டு நூல்கள் விரல்கள் போல வெளியே விரிந்து கிடக்கும். இருட்டில் ஏதேனும் ஒரு பூச்சி அந்த நூலில் கால் வைத்தால் அதிர்வு உள்ளே போகும். கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் சிலந்தி சட்டென்று பாய்ந்து இரையை இழுத்துக்கொண்டு போய்விடும். நூலில் ஒட்டும் பசை கிடையாது. அது வலை அன்று. வாசலில் கட்டிய அழைப்புமணி என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

1923 ஆம் ஆண்டு ஆபிரகாம் என்ற ஆய்வாளர் மலாயாவிலிருந்து இக்குலத்தின் புதிய இனங்களை விவரித்தார். அவற்றுள் ஒன்று பத்துமலைக் குகைச் சிலந்தி. ‘லிபிஸ்தியஸ் பத்துவென்சிஸ்’ என்று பெயர். தைப்பூசத்திற்குக் காவடி தூக்கிச் செல்லும் அதே பத்துமலைதான். நாம் முருகனைத் தரிசிக்கப் படியேறும் மலையின் இருண்ட குகைச் சுவர்களில் இந்தப் பழங்குலம் ஓசையின்றிக் குடியிருந்து வருகிறது. 1932 இல் பிரிஸ்டோ எனும் ஆங்கிலேய அறிஞர் இக்குலம் முழுவதையும் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்.

கிந்தா பள்ளத்தாக்குக்கு வருவோம்

ஈப்போவைச் சுற்றிலும் நிற்கும் சுண்ணாம்புமலைகளைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இலர். கல்லுமலை முருகன் கோயிலும் அத்தகைய மலையின் அடியில்தான் இருக்கிறது. இம்மலைகள் ஒன்றோடொன்று தொடராமல் தனித்தனியே நிற்பவை. இடையில் சமவெளி. அங்கே முன்பு ஈய லம்பங்களும் ரப்பர் தோட்டங்களும் இருந்தன; இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் இருக்கின்றன. குகையில் வாழும் ஓர் உயிருக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. லிபிஸ்தியஸ் குஞ்சுகள் வேறு பல சிலந்திக் குஞ்சுகளைப் போல் நூலைப் பிடித்துக்கொண்டு காற்றில் மிதந்து தொலைவு போவதில்லை. ஆகவே ஒரு மலையில் அகப்பட்ட கூட்டம் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து தனி இனமாகிவிடுகிறது.

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நோர்மன் பிளாட்னிக் 1997 ஆம் ஆண்டு பேராக் குகைச் சிலந்திகள் இரண்டுக்குப் பெயரிட்டார். ஒன்று, ஈப்போவுக்குத் தெற்கே கோப்பேங் வட்டாரத்துத் தெம்புரோங் குகையின் பெயரைத் தாங்கிய ‘லிபிஸ்தியஸ் தெம்புரோங்’. மற்றொன்று, ஈப்போவுக்கு வடக்கே சிம்மோருக்கு அருகில் உள்ள கந்தான் குகையின் பெயரைத் தாங்கிய ‘லிபிஸ்தியஸ் கந்தான்’.

பிளாட்னிக் சாதாரண ஆய்வாளர் அல்லர். உலகில் பெயரிடப்பட்ட சிலந்திகள் அனைத்தையும் தொகுத்து, எவரும் இணையத்தில் பார்க்கும்படி ‘உலகச் சிலந்திப் பட்டியலை’ உருவாக்கியவர். 2014 முதல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் அதனைப் பேணி வருகிறது. அவர் 2020 இல் மறைந்தார். அதற்கு ஈராண்டு கழித்து, 2022 இல், அந்தப் பட்டியல் 50,000 இனங்களைத் தாண்டியது. அந்த ஐம்பதாயிரத்துக்குள் நம் சிம்மோர்ப் பக்கத்துக் குகை ஒன்றின் பெயரும் இருக்கிறது.

ஒரே ஒரு முகவரி

கந்தான் சிலந்தி கந்தான் குகையைத் தவிர உலகில் வேறெங்கும் இருப்பதாகப் பதிவு இல்லை. அந்த மலையின் ஒரு பகுதி நெடுங்காலமாகச் சிமெண்டுக்காக உடைக்கப்பட்டு வருகிறது. 2013 இல் அங்கே கல் உடைக்கும் பகுதியை விரிவாக்கும் திட்டம் வந்தபோது இயற்கை ஆர்வலர்களும் அறிவியலாளர்களும் குரல் எழுப்பினர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தச் சிலந்தி, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக வைக்கப்பட்டுள்ளது. 2014 இல் அதே மலையிலிருந்து புதிய பல்லி இனம் ஒன்றும் விவரிக்கப்பட்டது. அதற்கும் கந்தான் குகையின் பெயரே சூட்டப்பட்டது. தேடத் தேட இன்னும் கிடைக்கும் மலை அது.

நான் இங்கே யாரையும் குறை கூற வரவில்லை. மலையை உடைத்து வரும் சிமெண்டில்தான் நம் வீடுகளும் பள்ளிகளும் எழுந்திருக்கின்றன. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டபோது மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்பா புதிய இடத்தில் பல நாள் தூக்கம் இல்லாமல் தவித்தது எனக்கு நினைவிருக்கிறது. இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ‘தோட்டம்’ என்ற சொல் நிற்கிறது, தோட்டத்தைத்தான் காணோம்.

மனிதர்களாகிய நாம் எப்படியோ வேறிடம் தேடிப் பிழைத்துக்கொண்டோம். கந்தான் சிலந்திக்கு மாற்றிடம் கிடையாது. குகை போனால் அது பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே மிஞ்சும். பெயராவது மிஞ்சுவதற்குக் காரணம், யாரோ ஒருவர் விளக்குடன் குகைக்குள் போய்ப் பார்த்து எழுதி வைத்ததுதான். எழுதப்படாமலே போன உயிர்கள் எத்தனையோ! எழுதப்படாமலே போன தோட்டங்கள் எத்தனையோ!

பொறுமைதான் ஆய்வு

ஆய்வு என்றதும் வெள்ளைச் சட்டையும் விலையுயர்ந்த கருவிகளும்தான் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் எனும் அம்மையார் 1974 ஆம் ஆண்டு கதவுச் சிலந்திகளின் குழிகளுக்கு அருகே எண்கள் எழுதிய சிறு குச்சிகளை நட்டார். பிறகு ஆண்டுதோறும் போய் எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்து வந்தார். அதில் 16 ஆம் எண் சிலந்தி 43 ஆண்டுகள் வாழ்ந்து, 2016 இல் குளவி ஒன்றினால் இறந்தது. நாம் அறிந்தவரை உலகிலேயே நீண்ட நாள் வாழ்ந்த சிலந்தி அதுதான். அதனைக் கண்டறிய உதவியவை ஒரு குச்சி, ஒரு குறிப்பேடு, தளராத பொறுமை. இம்மூன்றும் எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் கிடைக்கக்கூடியவையே.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள்கள் மூன்று:

1. வீட்டிலோ பள்ளியிலோ சிலந்தியைக் கண்டவுடன் துடைப்பத்தைத் தேடாதீர்கள். பிள்ளையை அழைத்துக் கைபடாமல் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

2. பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். நாள், நேரம், இடம், சிலந்தி என்ன செய்தது. நான்கு வரி போதும். படமும் வரையலாம்.

3. குகைகளுக்குச் சுற்றுலா போனால் சுவரில் உள்ள கூடுகளையும் கதவுகளையும் தொடவோ திறக்கவோ வேண்டாம். எந்த உயிரையும் வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம். தீப்பெட்டிக் காலம் எங்களோடு போகட்டும்.

‘எட்டுக்கால் பூச்சி’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அது நம் பாட்டிமார் புழங்கிய சொல். பேச்சில் இருக்கட்டும். பாடத்தில் சிலந்தி என்று எழுதுவோம். ஏன் அது பூச்சி அன்று என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் இருக்கும் சிலந்தியை நாள்தோறும் ஓய்வு நேரத்தில் பார்த்து எழுதி வருகிறாள். சென்ற வாரம் என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: “இன்று சிலந்தியைக் காணவில்லை. நாளையும் பார்ப்பேன்.”

அந்தப் பக்கத்தில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் இல்லை. நாளைத் தேதியை மட்டும் கீழே எழுதிக் கொடுத்தேன்.