ஓலையில் ஏறாத குரல்

செங்கல்பட்டுச் சீமையை அளந்தவர்களுக்குக் குறைவில்லை. 1763ல் ஆற்காட்டு நவாப் இதைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்ட் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களைக் கணக்கெடுத்தார். ஏரி, நஞ்சை, மானியம், இன்ன சாதியில் இத்தனை வீடு - எல்லாம் ஓலையில் ஏறிற்று. 1891ல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892ன் பஞ்சமி நில உத்தரவு அதை ஒட்டி வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதிலும் பேசுகிறவர் கலெக்டர்.

எண்ணப்படுவது வேறு, கேட்கப்படுவது வேறு. ஆஸ்திரேலியாவில் ஹேசல் டி பெர்க் என்ற பெண்மணி 1957ல் டேப் ரிக்கார்டரோடு கிளம்பி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லவைத்தார். பெரும்பாலும் எழுத்தாளர்கள், ஓவியர்கள், விஞ்ஞானிகள், பெயர் பெற்றவர்கள். நம் பக்கத்தில் நடந்தது வேறு மாதிரி. புதுச்சேரிக்கு அருகில் ஒரு சேரியில் வாழ்ந்த வீரம்மா, பண்ணைக் கூலி, மருத்துவச்சி, பாட்டுக்காரி, ஜோசியான் ராசினிடம் பல வருஷங்கள் பேசினார். 1995ல் அது பிரெஞ்சில் புத்தகமாயிற்று, 1997ல் ஆங்கிலத்தில். பேசியது தமிழ், அச்சேறியது முதலில் பாரிஸில். இது நமக்குப் பெருமையல்ல.

ஞாபகம் பொய் சொல்லும் என்பார்கள். சொல்லட்டும். இத்தாலியில் டெர்னி நகரத்து ஆலைத் தொழிலாளி லூயிஜி த்ராஸ்தூலி 1949ல் போலீஸாரால் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி விசாரித்தபோது, பலர் அந்தச் சாவை 1953ன் ஆட்குறைப்புக் கலவரத்தில் வைத்துச் சொன்னார்கள். தேதி தப்பு. எந்த அடி அவர்களுக்கு ஆழமாக விழுந்தது என்பதை அந்தத் தப்புதான் காட்டுகிறது. ஓலைக்கு இந்தச் சக்தி கிடையாது.

நாவலூரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டினால் வரும் ஊர். இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள், அடுக்குமாடிகள். எந்த மனை எந்த வருஷம் யார் கைக்கு மாறிற்று என்பது பத்திர ஆபீஸில் இருக்கிறது. பர்னார்ட் ஓலையின் தொடர்ச்சி அது. நாற்று நட்ட பெண்ணுக்கு விற்க நிலமில்லை, ஆகவே பத்திரத்தில் பெயருமில்லை. மடைத்தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய்ந்தது, கூலி நெல்லா காசா, வயல் போனபின் பிள்ளைகள் எந்த வேலைக்குப் போனார்கள் - இவை அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. மனை விற்றவரைக் கேட்டால் விலை தெரியும். இவரைக் கேட்டால்தான் ஊர் தெரியும் என்று நான் நினைக்கிறேன்.

ரிக்கார்டர் இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. குறைவது காது. கதை எழுதுகிற நாம் இவர்களைப் பாத்திரங்களாக்க அவசரப்படுகிறோம். முதலில் குறுக்கிடாமல் கேட்கலாம். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் தமிழிலேயே எழுதிவைக்கலாம். சொல்லவேண்டியவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. சாவகாசமாகச் செய்கிற வேலை அல்ல இது.