கைமாறும் கோப்புகள்

1983-இல் பெர்க்லியிலிருந்து வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ஒரு வித்தை இருந்தது. ஒரு நிரல் தான் திறந்த கோப்பை, நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயிலான சாக்கெட் வழியே இன்னொரு நிரலுக்குக் கைமாற்றலாம். போவது கோப்பைக் குறிக்கும் வெறும் எண்ணல்ல. இங்கே 5 என்றிருப்பது அங்கே 9 ஆகலாம். ஒரே பூட்டுக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் வெட்டித் தரும் இன்னொரு சாவி அது.

1990-இல் வந்த 4.3 பிஎஸ்டி ரீனோ, இதற்குப் பயன்பட்ட பழைய 'அணுகல் உரிமை' புலத்தை விட்டு, தலைப்போடு கூடிய துணைத் தகவலுக்கு மாறியது. இன்னொரு யூனிக்ஸ் வகையான சிஸ்டம் ஃபைவ் போனது தனி வழி. நிரலாளர்களுக்குத்தான் திண்டாட்டம்.

64 பிட் கெர்னல் வந்ததும், அதில் 32 பிட் நிரல்களும் ஓட வேண்டியிருந்ததால், சிக்கல் முற்றியது. லினக்ஸில் அந்தத் தலைப்பு 32 பிட் நிரலுக்கு 12 பைட், கெர்னலுக்கு 16. வித்தியாசம் நாலே பைட்தான், ஆனால் அப்படியே படித்தால் எல்லாம் இடம் மாறிவிடும். ஆகவே நடுவில் ஒரு துபாஷி அமர்த்தப்பட்டது: தலைப்பைப் பிரித்து, நீளத்தைத் திருத்தி, மறுபடி கட்டும் நிரல்பகுதி. பதில் திரும்பும்போதும் அதே வேலை, தலைகீழாக.