ஜென்கின்ஸ்

தொடர் ஒருங்கிணைப்புக்கான, அதாவது பலரும் எழுதும் கோடை அடிக்கடி சேர்த்துச் சோதிப்பதற்கான, திறமூல சர்வர், ஜாவாவில் எழுதப்பட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி 2004-இல் 'ஹட்சன்' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். தான் எழுதிய கோடு பில்டை (கோடிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலையை) உடைக்குமா என்பது சக ஊழியர்கள் கண்ணில் படுவதற்குள் தனக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010-இல் வாங்கியதும் பெயருரிமைத் தகராறு மூண்டது. 2011 ஜனவரியில் பயனர்கள் வாக்களித்துப் பெயரை 'ஜென்கின்ஸ்' என மாற்றினர்.

நிறுவியபின் பிரவுசரில் 8080 போர்ட்டைத் திறந்தால் முதலில் பாஸ்வேர்டு கேட்கும். அது சர்வரிலேயே ஒரு ஃபைலில் இருக்கும். சர்வருக்குள் நுழைய முடிந்தவர் மட்டுமே ஜென்கின்ஸை அமைக்கலாம் என்பது ஏற்பாடு. பில்டு, டெஸ்ட், டிப்ளாய் ஆகிய கட்டங்களை 'ஜென்கின்ஸ்ஃபைல்' என்ற ஃபைலில் எழுதி, கோடுடன் சேர்த்தே கிட் (Git) களஞ்சியத்தில் வைப்பது வழக்கம். 2016-இல் வந்த 2.0 பதிப்பு இம்முறையை முன்னிறுத்தியது. யாராவது கோடை புஷ் செய்ததும் வெப்ஹூக் தகவல் தர, ஜென்கின்ஸ் கோடை எடுத்து வேலையைத் தொடங்கும். ஒரு கட்டளை பூஜ்யம் அல்லாத எண்ணுடன் முடிந்தால் பில்டு தோல்வி. அடுத்த கட்டங்கள் ஓடா. டெஸ்டே எழுதாத புராஜெக்டில் கோடு கம்பைல் ஆனாலே பில்டு பச்சையாக (வெற்றியாக) இருக்கும், அதில் பெருமைப்பட ஏதுமில்லை.

பில்டுகளை முதன்மை சர்வரில் ஓட்டாமல் 'ஏஜென்ட்' எனப்படும் தனிக் கணினிகளில் ஓட்டுவதே பாதுகாப்பு. கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் பிளகின்கள்தான் ஜென்கின்ஸின் பலம். அப்டேட் செய்யும் நாளில் தலைவலியும் அவையே.