பம்பர் இடைநிரப்பி

காரின் பம்பருக்கும் உடல் தகட்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளியை மூடும் வளையக்கூடிய பிளாஸ்டிக் துண்டு பம்பர் இடைநிரப்பி எனப்படும். பட்டறைகளில் இதற்கு ஃபில்லர் என்று பெயர். 1970களிலும் 1980களிலும் வெளிவந்த கெடிலாக், ப்யூக் போன்ற பெரிய அமெரிக்கக் கார்களில் இன்று முதலில் உதிர்ந்து நிற்பது பெரும்பாலும் இதுதான். மட்டமான பொருளைப் போட்டதால் வந்த வினை என்று பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். இந்த இடைவெளி அங்கே ஏன் வந்தது என்று பார்த்தால், அந்தப் பொருள் மென்மையாக இருந்தே ஆகவேண்டிய காரணம் புரியும். அந்தக் காரணம் மாற்றுத் துண்டு வாங்கும்போதும் செல்லும்.

1972 செப்டம்பர் முதல் தயாரான கார்கள், மணிக்கு 5 மைல் (சுமார் 8 கிலோமீட்டர்) வேகத்தில் முன்பக்கம் சுவரில் மோதினாலும் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்ற பாகங்கள் கெடாமல் தாங்கவேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது. பின்பக்கத்துக்கு முதலில் 2.5 மைல், அடுத்த மாடல் ஆண்டில் அதுவும் 5 மைலானது. இதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் பல மாடல்களில் பம்பரை அதிர்வுதாங்கி போன்ற உருளைகளின் மேல் ஏற்றின. இடித்தால் பம்பர் சில அங்குலம் உள்ளே போய்த் திரும்பும். அது போய்வர இடம் வேண்டும். அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தால் கண்ணை உறுத்தும். ஆகவே மூடவும் வேண்டும், வழிவிடவும் வேண்டும். இரண்டையும் செய்ய மென்மையான பிளாஸ்டிக்கால்தான் முடிந்தது. அந்த மென்மைக்கு விலையும் உண்டு: வெயிலின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் ஈரமும் இத்தகைய பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் அறுக்கின்றன. முதலில் பெயிண்ட் வெடிக்கும். பிறகு துண்டு முறுகி, விரல் பட்டாலே பொடியாகும். அந்த நிலைக்கு வந்ததை ஒட்டிப் பூசிக் காப்பாற்ற முடியாது.

மாற்றாகக் கிடைப்பவை ஃபைபர் கிளாஸ், ஏபிஎஸ் பிளாஸ்டிக், வளையும் யூரித்தேன் என மூன்று வகை. ஃபைபர் கிளாஸ் இப்படி உதிராது, எனவே அதுவே மேல் என்ற வாதம் வலுவானது. ஆனால் அது வளையாது. பம்பர் உள்ளே வரும்போது துண்டு விரிசல் விடும், அல்லது தாங்கிய விசையை ஃபெண்டர் தகட்டுக்குக் கடத்தும். ஃபில்லர் போனால் சில நட்டுகளைக் கழற்றி வேறொன்று பொருத்தலாம். நெளிந்த ஃபெண்டருக்கு டிங்கரிங்கும் முழுப் பெயிண்டும் தேவைப்படும். கெட வேண்டியது எது என்று கேட்டால் விடை ஃபில்லர்தான். மென்மையான துண்டு மீண்டும் உதிருமே என்பது நியாயமான கவலை. நிழலில் நிறுத்துவதும் வெடிக்காத பெயிண்டும் அதை வெகுவாகத் தள்ளிப்போடும். கண்காட்சிக்கு மட்டுமே போகும் காருக்கு ஃபைபர் கிளாஸ் போடுவதில் தவறில்லை. சாலையில் ஓடும் காருக்கோ, வாகன நிறுத்தத்தில் வாங்கும் சின்ன இடிதான் அன்றாட ஆபத்து. அதற்காகவே அந்த உருளைகள் இருக்கின்றன.

வேலையில் பாதி கழற்றுவதில் போகும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுவது நல்லது. வாயு நிரம்பிய உருளைகளும் உண்டு என்பதால் அவற்றின் அருகே கேஸ் டார்ச்சைக் கொண்டுபோகவே கூடாது, துளையிடவும் கூடாது. புதிய துண்டைப் பெயிண்ட் அடிக்கும் முன்பே ஒருமுறை மாட்டிப் பார்க்கவேண்டும். இடைவெளி ஒருபக்கம் அகன்றிருந்தால் துண்டை இழுத்துச் சரிக்கட்டாமல் முதலில் பம்பரை நேராக்கவேண்டும். துளைகளைச் சற்று நீளவாக்கில் அகட்டி, அகல வாஷர் போட்டால் நகர்த்திச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக்குக்குரிய பிரைமரும், பெயிண்டில் நெகிழ்வூட்டும் கலவையும் சேர்க்காவிட்டால், துண்டு வளைந்த முதல் தடவையே பூச்சு வெடித்துவிடும். நட்டை இறுக்கிப் பிழியாமல், துண்டு அசையாத அளவுக்கு முடுக்கினால் போதும்.