உறுப்பினர் என்பவர் யார்? கூட்டுறவு வங்கிகளின் நடுவர் தீர்ப்புகளும் நீதிமன்றங்களும்

கூட்டுறவு வங்கியில் நண்பரின் கடனுக்கு ஜாமீன் நிற்பவர், ஜாமீன் பத்திரத்தோடு இன்னொரு தாளிலும் கையெழுத்திடுவது வழக்கம். அது பெயரளவு உறுப்பினராகச் சேர்வதற்கான விண்ணப்பம். சிறு கட்டணம், ஒரு ரசீது, அத்துடன் அது மறந்துபோகும். கடன் நிலுவையில் நின்று, நடுவரிடமிருந்து அறிவிப்பு வரும் நாளில்தான் அந்தத் தாளின் கனம் தெரியவரும். தாம் உறுப்பினரே அல்ல என்பார் ஜாமீன்தாரர். கையெழுத்தைக் காட்டும் வங்கி. இந்தச் சிறிய பூசலுக்குள் இந்தியக் கூட்டுறவுச் சட்டத்தின் நீண்ட வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது.

1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், இங்கிலாந்தின் நட்புறவுச் சங்கச் சட்டங்களை முன்மாதிரியாகக் கொண்டது. அடுத்து வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையே எழும் பூசலைப் பதிவாளரோ அவர் பணிக்கும் நடுவரோ தீர்க்குமாறு விதி வகுக்க இடமளித்தது. நோக்கம் நல்லதுதான். வட்டிக்காரரிடமிருந்து மீண்ட உழவர், வழக்குச் செலவில் மீண்டும் மூழ்கிவிடக் கூடாது. சங்கத்துப் பூசல் சங்கத்துக்குள்ளேயே தீர வேண்டும். 1919ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தத்தால் கூட்டுறவு மாகாணங்களின் கைக்கு வந்தது. பம்பாய் 1925இலும், சென்னை 1932இலும், பீகார்-ஒரிசா 1935இலும் தத்தம் சட்டங்களை இயற்றின. பதிவாளரின் அதிகாரம் அவற்றிலும் தொடர்ந்தது.

அந்த அதிகாரத்தின் எல்லையை வகுத்தது ஓர் ஆங்கிலச் சொல்: ‘டச்சிங்’. சங்கத்தின் தொழிலை ‘தொடும்’ பூசல் எதுவோ, அதுவே பதிவாளரிடம் செல்லும். தொடுதல் எவ்வளவு தூரம் நீளும்? மகாராஷ்டிரத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் 91ஆம் பிரிவில் சங்கத்தின் அமைப்பு, தேர்தல், பேரவைக் கூட்டம், நிர்வாகம், தொழில் என்று பட்டியலிட்டது. டெக்கான் மெர்ச்சன்ட்ஸ் கூட்டுறவு வங்கி வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியலையே சான்றாக எடுத்துக்கொண்டது. அமைப்பும் நிர்வாகமும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்க, ‘தொழில்’ என்பது சங்கத்தின் எல்லா விவகாரங்களையும் குறிக்காது. அது உண்மையில் நடத்தும் வணிகத்தையே குறிக்கும். ஆகவே வங்கிக்கும் அதன் கட்டடத்து வாடகைதாரருக்கும் இடையிலான பூசல் வாடகைச் சட்ட நீதிமன்றத்துக்கே உரியது என முடிவாயிற்று. மறு ஆண்டே, ஆந்திரப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஊழியர்களின் பணி நிலைமைகள் பற்றிய பூசலும் பதிவாளரின் வட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. அதற்குரிய இடம் தொழில் தீர்ப்பாயம் என்றானது.

வட்டத்துக்குள் இருப்பவர்கள்மீதோ அதே அதிகாரம் வலுவாக நின்றது. பீகாரின் சீதாமர்ஹி மத்தியக் கூட்டுறவு வங்கி தொடர்பான வழக்கில், பூசலை விசாரிக்கும் உதவிப் பதிவாளரும் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பொருளில் ஒரு ‘நீதிமன்றமே’ என்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே வட்டத்துக்கு உள்ளே யார், வெளியே யார் என்பதே உயிர்நாடியான கேள்வி. பூசலின் பொருள் மட்டும் பொருந்தினால் போதாது. பூசலிடுவோரும் சட்டம் குறித்த வகையினராக இருத்தல் வேண்டும். உறுப்பினர், முன்னாள் உறுப்பினர், அவர்கள் வழியே உரிமை கோருவோர் என்று அந்த வரிசை செல்லும். சங்கத்தில் சேர்ந்ததன் மூலம் அதன் விதிகளுக்கு உடன்பட்டார் என்பதே நடுவரின் அதிகாரத்துக்கு அடிப்படை. சேரவே இல்லை என்று ஒருவர் மறுக்கும்போது, நடுவர் தம் காலடி மண்ணையே தாம் அளக்க வேண்டியவராகிறார். தவறாக அளந்து, இல்லாத அதிகாரத்தை அவர் தமக்கு உண்டாக்கிக்கொள்ள முடியாது என்பது பழைய நீதிக்கோட்பாடு. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவைச் சட்டம் அடைத்தாலும் உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருந்ததற்கு இக்கோட்பாடும் ஒரு காரணம். அந்தக் கதவைச் சட்டமியற்றி மூட இயலாது என்பதை 1997இல் எழுவர் அமர்வு, சந்திரகுமார் வழக்கில் உறுதி செய்தது.

மாநிலச் சட்டங்களில் இடையில் இன்னொரு படியும் உண்டு. முதல் தீர்ப்பின்மீது கூட்டுறவுத் தீர்ப்பாயத்திலோ மேல்முறையீட்டு நீதிமன்றத்திலோ முறையிடலாம். ஆவணத்தில் உள்ளது யாருடைய கையெழுத்து என்பது போன்ற உண்மைகளை அங்கே மறுபடி ஆராய இடமுண்டு.

பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் படியை எடுத்துவிட்டது. அதன் 84ஆம் பிரிவு, பூசல்களை நடுவருக்கு அனுப்பி, 1996ஆம் ஆண்டின் நடுவர் சட்டப்படியே அவை அனுப்பப்பட்டது ‘போல’ நடத்தச் சொல்கிறது. அந்தப் ‘போல’ என்ற சொல்லின் விளைவு பெரிது. வணிகர் இருவர் தாமே எழுதிக்கொண்ட ஒப்பந்தத்துக்காக வகுக்கப்பட்ட சட்டம், சங்கத்துக்கும் அதன் உறுப்பினருக்கும் அப்படியே வந்து பொருந்தியது. தீர்ப்பை எதிர்க்க 34ஆம் பிரிவு ஒன்றே வழி. காலம் மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்ட முடியாது என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சியத்தை மறுபடி எடைபோடுவதும் அங்கே இல்லை. அறிவிப்பே கிடைக்கவில்லை, நடுவருக்கு அதிகாரமே இல்லை என்பன போன்ற சில காரணங்களே செல்லும். அதிகாரம் இல்லை என்ற மறுப்பையும் முதலில் அந்த நடுவரிடமே எழுப்ப வேண்டும். அவர் அதைத் தள்ளினால், இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருந்துதான் நீதிமன்றம் செல்ல முடியும்.

இங்கேதான் ஜாமீன்தாரரின் மறந்துபோன தாள் திரும்பி வருகிறது. ஜாமீன்தாரர் உறுப்பினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூசலில் சேர்க்கப்படலாம் என்று மகாராஷ்டிரச் சட்டம் வெளிப்படையாகவே எழுதியது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலோ உறுப்பினரைச் சுற்றியே அமைந்தது. ஆகவே அவரைப் பெயரளவு உறுப்பினராக்குவது வங்கிக்கு வசதியானது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு அத்தகைய உறுப்பினருக்குப் பங்கு வாங்கும் உரிமையையும் நிர்வாகத்தில் இடத்தையும் வாக்கையும் மறுக்கிறது. வங்கியை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க அவர் உறுப்பினர் அல்லர்; நடுவர் முன் நிற்க மட்டும் உறுப்பினர்.

வங்கிகளின் பக்கமும் நியாயம் உண்டு. கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் கூட்டுறவு வங்கிகளுக்கு உரியவை அல்ல என்று 2007இல் கிரேட்டர் பாம்பே கூட்டுறவு வங்கி வழக்கில் தீர்ப்பு வந்தபின், கூட்டுறவுச் சட்டங்களின் வழியே அவற்றுக்கு முதன்மையானதாயிற்று. ஈட்டுச் சொத்தை நேரடியாகக் கைப்பற்றும் சர்ஃபேசி சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்பதை ஐவர் அமர்வு 2020இல்தான் உறுதி செய்தது. அப்போதும் ஈடில்லாக் கடனுக்கு நடுவரை விட்டால் விரைவான வழி அரிது. அந்தப் பணமும் சிறு சேமிப்பாளர்களுடையதே.

ஆயினும் 1912ஆம் ஆண்டின் ஏற்பாடு ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது: பூசலிடும் இருவரும் ஒரே சங்கத்தார், சங்கத்தை ஆள்வதில் இருவருக்கும் பங்குண்டு. அதனால்தான் வெளி நீதிமன்றத்தைத் துறக்குமாறு உறுப்பினரைக் கேட்க முடிந்தது. ஆளும் பங்கை நீக்கிவிட்டுத் துறவை மட்டும் கேட்கும்போது அந்த நியாயம் தளர்கிறது. தாம் உறுப்பினரா என்பதை உண்மையின் அடிப்படையில் ஒரு முறையேனும் நடுவரல்லாத ஒருவர் ஆராய வேண்டும் என்று கேட்கும் ஜாமீன்தாரர் கடனிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்று மட்டும் கொள்வதற்கில்லை. கூட்டுறவு என்ற சொல் தமக்கும் பொருந்துமா என்பதே அவருடைய கேள்வி.