சபாவும் குப்பமும்: தென் சென்னையின் தேர்தல் கதை

தென் சென்னை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்தால் பெரிய இடத்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நாஞ்சில் மனோகரன், அண்ணா, முரசொலி மாறன், ஆர். வெங்கட்ராமன், வைஜெயந்திமாலா, டி.ஆர். பாலு, தமிழச்சி தங்கபாண்டியன். நிதியமைச்சர்களாக இருந்தவர்கள் இரண்டு பேர், ஒரு முதலமைச்சர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஒருவர், ஒரு பரதநாட்டியக் கலைஞர், ஒரு கவிஞர். தேர்தல் வந்தால் டி.வி.க்காரர்கள் இதை "ஸ்டார் தொகுதி", "படிச்சவங்க தொகுதி" என்பார்கள். கூடவே மயிலாப்பூர் மாடவீதியை இரண்டு ஷாட், ரங்கநாதன் தெருவை ஒரு ஷாட் காட்டினால் நிகழ்ச்சி முடிந்துவிடும்.

கேமரா இன்னும் ஒரு கிலோமீட்டர் கிழக்கே வந்தால் பட்டினப்பாக்கம். வடக்கே நொச்சிக்குப்பமும் கலங்கரை விளக்கமும், தெற்கே சீனிவாசபுரம், அதைத் தாண்டினால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். எதிர்க்கரையில் ஊரூர் குப்பம், பெசன்ட் நகர். வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகளும், குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குகளும், மீன் ஏலமும் ஒரே தெருவாசலில் இருக்கிற இடம் இது. இங்கே நின்றுகொண்டு அந்தப் பட்டியலை வாசித்தால் வேறு ஒரு கேள்வி வரும். இவ்வளவு பெரிய ஆட்களை டெல்லிக்கு அனுப்பிய தொகுதி, இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இங்கேயே இருக்கும் உரிமையை வாங்கித் தந்ததா?

முதலில் பெரிய ஆட்களின் கதை. 1952-இல் மெட்ராஸ் என்ற ஒரே பெயரில் இருந்த தொகுதியில் டி.டி.கே. ஜெயித்தார். 1957-இல் அது தெற்கு என்று பிரிந்தபோதும் அவரேதான். அப்போது அவர் நேருவின் நிதியமைச்சர். சொத்து வரி, செலவு வரி என்றெல்லாம் போட்டு பணக்காரர்களைக் கதறவிட்டவர், எல்.ஐ.சி. பணத்தில் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கிய விவகாரத்தில் 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அடுத்த தேர்தலில் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 1962-இல் திருச்செந்தூருக்குப் போய் போட்டியே இல்லாமல் எம்.பி. ஆனார். அவர் விட்டுப்போன தென் சென்னையை தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரன் பிடித்தார். அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்ற தேர்தல் அது. ஊரெல்லாம் 1967-ஐப் பற்றியே பேசுகிறோம், ஆனால் நகரம் ஐந்து வருஷம் முன்னாடியே ஜாடை காட்டிவிட்டது.

1967-இல் அண்ணா சட்டமன்றத்துக்கு நிற்கவில்லை, தென் சென்னையில் மக்களவைக்கு நின்றார். ஆட்சியைப் பிடிப்போம் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி இருந்தது. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தி.மு.க.வுக்கு ஓட்டுப் போடச் சொன்னார் ராஜாஜி என்கிற கதை மயிலாப்பூரில் இன்னும் உலவுகிறது. குப்பத்துக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு போதுமானதாக இருந்தது. அண்ணா ஜெயித்தார், கட்சியும் ஜெயித்தது, மார்ச் 6-ஆம் தேதி முதலமைச்சர் ஆனார். எம்.பி. பதவியை விட்டுவிட்டு மேலவை வழியாகக் கோட்டைக்குள் போனார். காலியான இடத்தில் அதே வருஷம் இடைத்தேர்தல். முரசொலி மாறன் முதல்முறையாக நாடாளுமன்றம் போனது அப்படித்தான். அரிசி விஷயத்தில் மூன்று படி ஒரு படியாகச் சுருங்கியது. அதுவும் முதலில் சென்னைக்கும் கோவைக்கும்தான். ஆனால் அந்த ஒரு படி உண்மையிலேயே கிடைத்தது. குப்பத்துக்கும் அந்தக் கட்சிக்கும் நடுவில் இருந்த உறவைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

1970-இல் கருணாநிதி ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணச் சொன்ன அண்ணாவின் வாசகமே அதன் முழக்கம் ஆயிற்று. சில நாட்கள் மட்டுமே தென் சென்னையின் எம்.பி.யாக இருந்த மனிதர் இப்படித்தான் அதன் சுவர்களில் நிரந்தரமாகத் தங்கினார். ஆரம்பத்தில் அந்த வாரியத்தின் கொள்கை எளிமையானது: குடிசை எங்கே இருக்கிறதோ அங்கேயே அடுக்குவீடு கட்டு. ஆட்களைத் தூக்கி ஊருக்கு வெளியே போடாதே. பின்னாளில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1971-இல் ராஜாஜி எதிரணிக்கு, காமராஜரோடு போய்விட்டார். இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு நின்றது. மாறன் மறுபடி ஜெயித்தார். அப்புறம் நெருக்கடி நிலை, 1976 ஜனவரியில் ஆட்சிக் கலைப்பு, மிசாவில் மாறன் சிறை. 1977-இல் வட இந்தியா முழுக்க இந்திராவை விரட்டியடித்தபோது தென் சென்னை அதே இந்திராவின் கட்சிக்காரரான ஆர். வெங்கட்ராமனைத் தேர்ந்தெடுத்தது. சிறையிலிருந்து வந்த மாறன் தோற்றார். இதைப் படிச்சவங்க தொகுதியின் தீர்ப்பு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தத் தேர்தலில் காங்கிரஸோடு இருந்தது எம்.ஜி.ஆர். 'படகோட்டி' வந்த 1964-லிருந்தே கடற்கரைக்கு அவர் வெறும் நடிகர் இல்லை. 'மீனவ நண்பன்' வெளியானதும் அதே 1977-இல்தான்.

மூன்றே வருஷம். 1980-இல் தி.மு.க.வும் காங்கிரஸும் கூட்டணி. மாறனைத் தோற்கடித்த அதே வெங்கட்ராமனுக்காகக் கழகத் தொண்டர்கள் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டார்கள். அவர் ஜெயித்து நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், துணைக் குடியரசுத் தலைவர் என்று ஏறிக்கொண்டே போய் 1987-இல் குடியரசுத் தலைவர் மாளிகையை அடைந்தார். (இதே காட்சி பின்னாளில் இன்னொரு தடவை ஓடியது. 1998-இல் டி.ஆர். பாலுவை எதிர்த்து நின்றது பா.ஜ.க.வின் ஜனா கிருஷ்ணமூர்த்தி. 1999-இல் பா.ஜ.க.வினர் பாலுவுக்கே ஓட்டுக் கேட்டார்கள்.)

1984 தேர்தல்தான் இந்தத் தொகுதியின் மிக ருசியான தேர்தல். இந்திரா சுடப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காங்கிரஸ் நிறுத்தியது திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜெயந்திமாலாவை. எதிரே ஜனதா கட்சியின் இரா. செழியன். நெடுஞ்செழியனின் தம்பி, மூன்று முறை மக்களவையில் இருந்தவர், தேர்ந்த நாடாளுமன்றவாதி. பின்னாளில் ஷா கமிஷன் அறிக்கையின் பிரதிகள் கிடைக்காமல் போனபோது தன்னிடம் இருந்ததை வைத்து மறுபதிப்பு கொண்டுவந்தவரும் அவர்தான். "என்னை லோக்சபாவுக்கு அனுப்புங்கள், அவரை ஆர்.ஆர். சபாவுக்கு அனுப்புங்கள்" என்பது அவர் தரப்பின் முழக்கம் என்று சொல்வார்கள். மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவைத்தான் சொல்கிறார். வாக்குப்பதிவு டிசம்பர் 24. சீசன் உச்சத்தில் இருக்கிற நேரம், சபா கேன்டீனில் இட்லி ஆவி பறக்கிற நேரம். நல்ல நையாண்டி. ஆனால் அது சபாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் புரிகிற நையாண்டி. ஆர்.ஆர். சபா எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்களும் ஓட்டுப் போட வருவார்கள் என்பதை அது மறந்துவிட்டது. வைஜெயந்திமாலா சுமார் 48 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். 1989-இல் தி.மு.க.வின் ஆலடி அருணாவையும் வென்றார்.

இந்த இரண்டு வெற்றிகளுக்கு நடுவில் ஒன்று நடந்தது. எம்.பி.க்கள் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. 1985 கடைசியில், மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற எம்.ஜி.ஆர். அரசு இறங்கியது. குப்பத்து மீனவர்கள் மறித்தார்கள். டிசம்பரில் போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். திரையில் துடுப்புப் போட்டவரின் ஆட்சியில் நடந்தது இது. எம்.பி. என்ன செய்வார், போலீஸும் கடற்கரையும் மாநில அரசின் கையில்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றைக்கு அது சரியாகவும் இருந்தது.

1991-க்குப் பிறகு அந்தப் பதில் செல்லாது. அந்த வருஷம் பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் கொண்டுவந்தது. உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பது இனி டெல்லியின் விஷயம். பட்டினப்பாக்கத்தின் வீடு, வலை காயவைக்கும் மணல், ஏலம் போடும் இடம் எல்லாம் அந்தக் கோட்டுக்குள். சில மாதங்களில் ராஜீவ் கொலைக்குப் பின் நடந்த தேர்தலில் அ.தி.மு.க.வின் ஆர். ஸ்ரீதரன் ஜெயித்தார். அந்த அலையில் யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். 1996-இலிருந்து தொடர்ந்து நான்கு முறை டி.ஆர். பாலு. 1999 முதல் 2003 வரை மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சராக இருந்தவர் அவர்தான். அதாவது, குப்பம் நிற்கிற நிலத்தின் சட்டத்தை எழுதும், திருத்தும் அமைச்சகம் குப்பத்து மக்களின் சொந்த எம்.பி.யின் கையில் இருந்தது. இரண்டு நிதியமைச்சர்களைவிட இந்த ஒரு பதவி பட்டினப்பாக்கத்துக்கு நெருக்கமானது. ஆனால் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கரை அவர்களுக்கே சொந்தம் என்று உறுதியாகச் சொல்லும் சட்டம் ஒன்று அப்போதும் வரவில்லை, பிறகும் வரவில்லை. தொகுதியின் வரலாற்றில் கையருகே வந்து தவறிய தருணம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும் நகரத்தில் மோசமாக அடிபட்ட இடங்கள். அதன் பிறகு இந்தக் கரையின் குடும்பங்கள் பல இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. ஏற்கெனவே கண்ணகி நகர் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக்காரர்கள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். இருக்கும் இடத்திலேயே வீடு என்று தொடங்கிய வாரியம், ஊருக்கு வெளியே எட்டு மாடி என்பதில் வந்து நின்றது.

இதற்கிடையில் 2008 தொகுதி மறுசீரமைப்பு. ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போயின, பாலுவும் அங்கேயே போனார். தென் சென்னைக்குப் புதிதாக வந்த வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் ஓ.எம்.ஆர். பக்கம் அதை இழுத்தன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் சோழிங்கநல்லூரில். ஆக, கடலோரத்திலிருந்து தூக்கப்பட்டவர் புது முகவரியில் அட்டை வாங்கியபோது எம்.எல்.ஏ. மாறியிருந்தார், வார்டு மாறியிருந்தது, எம்.பி. மட்டும் பழைய அக்கம்பக்கத்தாருக்கும் அவருக்கும் ஒரே ஆள். 2024-இல் சோழிங்கநல்லூரில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். மயிலாப்பூரில் அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் டி.வி. கேமரா மாடவீதியை விட்டு நகரவில்லை.

புதிய எல்லையில் முதல் வெற்றி 2009-இல் அ.தி.மு.க.வின் சி. ராஜேந்திரனுக்கு. மடிப்பாக்கத்தில் வளர்ந்து ஐ.ஐ.எம்.மில் படித்த சரத்பாபு சுயேச்சையாக நின்றதும் அந்தத் தேர்தலில்தான். பத்திரிகைகள் கொண்டாடின, படித்தவர்கள் ஆகா என்றார்கள், டெபாசிட் போயிற்று. 2014-இல் அ.தி.மு.க.வின் ஜெயவர்தன். 2019-இல் தமிழச்சி தங்கபாண்டியன் அவரை 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் கூடுதலான ஓட்டில் வென்றார். 2024-இல் ஆளுநர் பதவியை உதறிவிட்டு வந்த தமிழிசையை அவர் தோற்கடித்த வித்தியாசமும் 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல். ஜெயவர்தன் மூன்றாம் இடம். வாக்குப்பதிவு என்னவோ ஐம்பது சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி. படிச்சவங்க தொகுதியில் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு தேர்தல்களுக்கு நடுவில், 2023 ஏப்ரலில், கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையிலான லூப் ரோட்டிலிருந்து மீன் கடைகளை அகற்றச் சொன்னது உயர் நீதிமன்றம். மாநகராட்சி அகற்றியது, மீனவர்கள் மீனைச் சாலையில் கொட்டி மறியல் செய்தார்கள். சாலைதான் எங்கள் கரைமேல் வந்தது, நாங்கள் சாலைமேல் வரவில்லை என்பது அவர்கள் வாதம். 1985-இல் கட்டுமரத்துக்குச் சொன்ன வாதமும் ஏறக்குறைய இதுதான். இந்த முறை துப்பாக்கி வரவில்லை. 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி என்று ஒரு கட்டடம் திறந்தார்கள். அந்த டிசம்பரில் சீனிவாசபுரத்தின் பழைய வாரியக் குடியிருப்பில் சன்ஷேடு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் செத்துப்போனார்.

முகத்துவாரத்தில் அந்த உடைந்த பாலம் இன்னும் நிற்கிறது. இரண்டு கரை மீனவர்களும் நடந்து கடக்க 1967-இல் கட்டியது, 1977-இல் தண்ணீரில் போனது என்கிறார்கள். இப்போது செல்ஃபி எடுக்க வருகிறார்கள். செம்மஞ்சேரிக்குப் போன பெண்களில் சிலர் விடியுமுன்னே பஸ் பிடித்துப் பட்டினப்பாக்கத்து ஏலத்துக்கு வந்து, மீன் எடுத்து, மயிலாப்பூர் தெருக்களில் விற்றுவிட்டு இருட்டியபின் திரும்புகிறார்கள். போக, வர, விற்க எல்லாமே தென் சென்னைத் தொகுதிக்குள்தான்.